ஹேவ்லாக்கில் மூடுபனி

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு போர்ட் பிளேரின் டெலானிபூரில் ஆட்டோ பிடித்து பீனிக்ஸ் பே படகு ஜெட்டிக்குப் போனேன். எண்பது ரூபாய். பையில் மகளுக்கு நெத்திலிக் கருவாடும், அவளுக்கு மாமியாராக வரப்போவதாகச் சொல்லப்படும் இத்தாலியப் பெண்மணிக்கு முந்திரிக்கொத்தும் இருந்தன. தலைக்குள் இத்தாலிய மொழியில் பத்துப் பதினொரு வாக்கியங்கள். எல்லாமே வெயில், மழை, காற்று பற்றியவை.

என் மகள் ரோஸ்லின் ஹேவ்லாக் தீவில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் அழைத்துப் போகும் வேலை பார்க்கிறாள். அந்தத் தீவுக்கு இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். அவளோடு அதே இடத்தில் வேலை பார்க்கும் லூக்கா என்ற பையனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரோடு போய்விடுகிறேன் என்கிறாள். பையனின் அம்மா மரீசா பத்து நாள் தங்க வந்திருந்தார். என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் ஓட்டுநர். அந்த வாரம் அவருக்கு விடுப்பு இல்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா, ஜெசிந்தா. நீ சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டார். ஒரு நாளில் போய், அந்த அம்மாளைப் பார்த்து, ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு பதிலோடு திரும்ப வேண்டும். நான் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குகிறவள்.

இத்தாலிய மொழிப் பாடத்தை ரோஸ்லின்தான் போனில் அனுப்பியிருந்தாள். முதல் பாடம் வணக்கம் சொல்வது. இரண்டாவது பாடம் வானிலை. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதில் ஒரு ஆணும் பெண்ணும் மரத்தடியில் சந்திக்கிறார்கள். "செ இல் சோலே", வெயில் அடிக்கிறது என்கிறான் அவன். ஆமாம், வெயில் அடிக்கிறது என்கிறாள் அவள். இரண்டு பேர் தலையிலும் ஒரே வெயில். அதை எதற்கு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அடுத்து "நெப்பியா" என்று ஒரு சொல், மூடுபனி. கூடவே ஒரு படம். முழுக்க வெள்ளையாக இருந்தது. நெட் இழுக்கிறது, படம் வரவில்லை என்று போனை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, படமே அதுதான்.

காலை 6.20. படகு புறப்படும் நேரம். எனக்கு முன்னால் நின்றவர் டிக்கெட் பார்ப்பவரிடம் "ஆஜ் சலேகா?" என்றார். இன்றைக்குப் போகுமா என்று அர்த்தம். "சலேகா" என்றார் அவர். எங்கள் தீவுகளில் வானிலைப் பேச்சு இவ்வளவோடு முடிந்துவிடும். படகு போனால் நல்ல வானிலை, நின்றுவிட்டால் கெட்டது. தமிழரோ வங்காளியோ தெலுங்கரோ, எல்லாரும் இதை எங்கள் தீவு இந்தியில்தான் கேட்போம்.

இரண்டரை மணி நேரப் பயணம். கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, "ஃபா கால்தோ, ஃபா ஃப்ரெத்தோ", சூடாக இருக்கிறது, குளிராக இருக்கிறது என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ஹேவ்லாக் ஜெட்டி. ரோஸ்லின் வந்திருந்தாள். மூன்றாம் நம்பர் கிராமத்தில் மரீசா தங்கியிருந்த விடுதிக்கு ஆட்டோவில் நூறு ரூபாய். போனதும் என்னையும் மரீசாவையும் பாதாம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவளுக்கும் லூக்காவுக்கும் பதினொன்றரை வரை கடலில் வேலையாம். "பேசிட்டிருங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டாள். மொழிபெயர்த்துச் சொல்லும் போனுக்கும் அங்கே நெட் கிடைக்கவில்லை.

மரீசாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். குட்டையான நரைமுடி, வெயிலில் சிவந்த மூக்கு. கொஞ்ச நேரம் இருவரும் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் தைரியத்தை எல்லாம் திரட்டி, "ஃபா கால்தோ" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார். நடுவில் எனக்குத் தெரிந்த சொற்கள் மட்டும் பிடிபட்டன. நெப்பியா. ஃப்ரெத்தோ. செம்ப்ரே. அதாவது மூடுபனி, குளிர், எப்போதும். தன் ஊர் ஒரு பெரிய ஆற்றங்கரையில் இருக்கிறது என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்டினார். கையை முகத்துக்கு முன்னால் நீட்டி, இது கூடத் தெரியாது என்பதுபோல் ஆட்டினார். வாசல் கேட்டைத் தடவித் தடவித் தேடுவதாக நடித்தார். தோளைக் குறுக்கி நடுங்கினார். முழங்காலைத் தட்டி, வலிக்கிறது என்பதுபோல் முகத்தைச் சுளித்தார்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. எங்கள் சாதிசனத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், வேண்டும் என்கிற வீட்டார் கிணற்றுத் தண்ணீரிலிருந்து மாடியில் வரும் காற்று வரை பெருமையாகச் சொல்வார்கள். வேண்டாம் என்கிறவர்கள் நேரே சொல்ல மாட்டார்கள். எங்க வீடு சின்னது, தண்ணி வராது, உங்க பிள்ளை கஷ்டப்படும் என்பார்கள். நாமும் புரிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். அப்படியென்றால் இந்த அம்மாள் இத்தனை தூரம் விமானம் ஏறி வந்து, என் பிள்ளை வேண்டாம் என்கிறார்.

கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், சொன்னால் என்ன, நிம்மதியாகவும் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது. அவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்றால் மகள் என்னைக் குறை சொல்ல முடியாது.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. உங்கள் ஊருக்கு எங்கள் ஊர் ஒன்றும் குறைந்ததில்லை என்று, "அந்தமான், பியோவே. செம்ப்ரே பியோவே" என்றேன். மழை, எப்போதும் மழை. மே, ஜூன், ஜூலை என்று டிசம்பர் வரை விரல் மடக்கினேன். கையால் படகு ஓட்டிக் காட்டி, இல்லை இல்லை என்று தலையாட்டினேன். மரீசா தொடையில் தட்டிச் சிரித்தார். வேண்டாம் என்று சொன்ன வீட்டார் இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கொண்டுபோன முந்திரிக்கொத்தில் ஐந்தாவதை வேறு எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ரோஸ்லின் ஈரத் தலையோடு வந்தாள். லூக்காவுக்கு இன்னும் வேலை முடியவில்லையாம். தனியே இழுத்துக் கேட்டேன்.

"ஏட்டி, அவங்க ஊரு நல்லாவே இல்லேங்காங்களே. உன்ன வேண்டாங்காங்களா?"

"அய்யோ அம்மா, அவங்க ஊர்ல யாரப் பாத்தாலும் முதல்ல நெப்பியாவத்தான் திட்டுவாங்க. நீங்கள்லாம் படகு ஓடலன்னு திட்டலையா?"

நான் நம்பவில்லை. சமாதானம் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மரீசா அறைக்குள் போய் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம், நல்ல கனத்த கம்பளி, கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஸ்லினின் போட்டோவைப் பார்த்து அளவைக் குத்துமதிப்பாக வைத்து வாங்கினாராம்.

அந்த உச்சி வெயிலில் என் மகளை நிற்கவைத்துக் கோட்டை மாட்டிவிட்டார். ரோஸ்லினுக்கு நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பக்கத்து அறைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மரீசா யாரையும் கவனிக்கவில்லை. கீழிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டு, காலருக்குள் மாட்டிக்கொண்ட ஈர முடியை இரண்டு கையாலும் வெளியே எடுத்துவிட்டு, காலரைத் தூக்கிக் கழுத்தை மூடினார். "நெப்பியா" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார், சின்னப் பிள்ளையிடம் நாயைக் காட்டி எச்சரிப்பதுபோல.

முடியை அப்படி வெளியே எடுத்துவிட்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர் என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார். காலையிலிருந்து இருந்த நிம்மதி போய்விட்டது. மறுக்க எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

கோட்டின் கை, ரோஸ்லினின் விரல் நுனி வரை தொங்கியது. மரீசா அதை மடித்து மடித்துப் பார்த்தார். நிற்கவில்லை.

"கழத்து" என்றேன்.

என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. மரீசாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. கோட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ரோஸ்லின் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அப்படி இல்லை என்று சொல்ல என் பாடத்தில் வாக்கியம் கிடையாது. சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, கோட்டின் ஒரு கையை உள்பக்கமாக மடித்துக் குத்தினேன். இன்னொரு கைக்குத் தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கு. குனிந்து உள்துணியைப் புரட்டிப் பார்த்தேன்.

"ரெண்டு இஞ்சு குறைக்கணும். பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டாத்தான் ஏறும். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தச்சுத் தாரேன்னு சொல்லு."

நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள் என்பதையும் சேர்த்து ரோஸ்லின் நிறைய நேரம் சொன்னாள். மரீசா என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் வைத்தார். எந்தப் பக்கம் முதலில் திரும்புவது என்று தெரியாமல் நான் அவர் மூக்கில் இடித்துக்கொண்டேன்.

மாலை 4.30 படகில் திரும்பினேன். கோட்டு பைக்குள் போகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூங்கும் குழந்தை கனம், அடுப்புச் சூடு. வழக்கமாக நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். பக்கத்து இருக்கை வங்காளிப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தடிமனான கோட்டு எதற்கு, அப்படி எங்கே குளிர்கிறது என்று இந்தியில் கேட்டார்.

"மேரா பேட்டி கா காவ் மே" என்றேன். என் மகளுடைய ஊரில்.

அது எப்படிப்பட்ட ஊர் என்றார். அதை ஏன் கேட்கிறீர்கள் பெரியவரே, மோசமான ஊர், காலையில் எழுந்தால் வாசல் கேட் கூடத் தெரியாது என்று ஆரம்பித்தேன். படகு போர்ட் பிளேர் வந்து சேரும்வரை அந்த ஊரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.