ஏழும் நீலம்

மேய்ச்சல் நிலத்துக் கூடாரத்தில் பிறந்த புருல்ச்சா, அந்தப் பக்கத்திலிருந்து மருத்துவப் படிப்புக்குப் போன முதல் பெண். ஒரு காது கேட்காது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்; மூன்றாம் முறை மலையூரான நாரினில் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலையை வாங்கினாள். மாமியார் பூட்டி வைத்திருந்த சான்றிதழ்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இதையெல்லாம் தேதியோடு சொல்வான் அண்ணன் சகின்பாய். அவள் பெயர் மட்டும் எந்த அறிக்கையிலும் வந்ததில்லை. டாக்டர் ஜிப்பார்தான் கையெழுத்துப் போடுவார்.

சகின்பாய் எட்டாவதோடு நின்றவன். ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறான். தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து ஆன்டிபாடி என்ற சோதனை மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டியில் கொண்டுவந்தவனும் அவன்தான். மார்பகக் கட்டியின் செல்லில் குறிப்பிட்ட புரதம் இருந்தால் ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொண்டு பழுப்பாகக் காட்டும். இல்லையென்றால் ஸ்லைடு நீலமாகவே இருக்கும். நீலம் என்றால், அந்தப் புரதத்தைத் தாக்கும் புற்றுநோய் மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடையாது.

அன்று மதியம் அவன் உள்ளே வந்தபோது புருல்ச்சா நுண்ணோக்கியை விட்டு எழவேயில்லை.

"ஏழு பேருக்கும் நீலமா வந்திருக்கு அண்ணே. செல்லோட அமைப்பைப் பார்த்தா, அஞ்சாவது பழுப்பா வந்திருக்கணும்."

"நல்லதுதானே, யாருக்கும் இல்ல."

"உனக்கு வண்டி மட்டும்தான் புரியும்."

போன வருடம் பழுப்பு ஏறிய ஒரு கட்டியை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள்; அதைச் சீவி, அதே குப்பி மருந்தில் அவள் சோதித்திருந்தாள். அதுவும் நீலம்.

"பெட்டி சூடாச்சா?"

சகின்பாய்க்குக் கோபம் வந்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தான். "படி. டோலோன் கணவாய், பதினொண்ணு இருபது, வெளியே மைனஸ் இருபத்தேழு. ஐஸ் உருகின மாதிரி இருந்துச்சு. புதுப் பனியா அள்ளி, குப்பியைச் சுத்தி இறுக்கமா அடைச்சேன். யாரு இப்படிப் பார்த்துப்பா?"

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "குளிரணும் அண்ணே. உறையக் கூடாது. உறைஞ்சா மருந்து ஒட்டாது."

டாக்டர் ஜிப்பாரின் மேசையில் ஏழு அறிக்கைகள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சோதனை செல்லாதுன்னு எழுதினா மேலிடம் கேட்கும். யார் கவனிச்சது, யார் கொண்டுவந்ததுன்னு. வேலை போகும், உங்க ரெண்டு பேருக்கும்."

"போன வாரம் இதே குப்பியில மூணு பேருக்குப் பார்த்தோமே, அந்த அறிக்கை எங்கே?" என்றாள் புருல்ச்சா.

டாக்டர் கையெழுத்திட்ட அந்த மூன்றும் நோயாளிகளின் ஊர்களுக்குப் போய்விட்டிருந்தன.

சகின்பாய் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தான். ஒரு கணம் கைக்குள் கசக்கப் பார்த்தான். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையில் நீவி வைத்தான்.

"என் பேர எழுதிக்கோ. நேரத்தையும் எழுது, சரியா இருக்கும்."

சோதனை செல்லாது என்ற அறிக்கைத் தாளில் அவள், ஏழும் மூன்றுமாகப் பத்துப் பெண்களின் பெயரையும் எழுதினாள். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். கவனித்தவருக்கென்று அந்தத் தாளில் இடமே இல்லை. ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, அதன் மேல் முதல்முறையாகத் தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் இட்டாள்: 2018, பிப்ரவரி 9.