லால்கையின் கிஸ்மிஸ் வீடு

எங்கள் ஊர்ப் பஞ்ச்வாயில் எவனைக் கேட்டாலும் சொல்வான்: லால்கையிடம் ஆட்டைக் கேள், கொடுப்பான், தோட்டத்தைக் கேள், யோசிப்பான், அவனுடைய கிஸ்மிஸ் வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்வதென்றால் மட்டும் அவன் கையில் மண்வெட்டி இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்.

அவன் அப்பா கட்டிய வீடு அது. மனிதர் குடியிருக்க அல்ல, திராட்சை காய. ஒரு கை நீளத்துக்குக் கனமான மண் சுவர், சுவர் முழுக்கக் காற்று வர வரிசையாகப் பிளவுகள். பச்சைத் திராட்சையைக் கொத்துக் கொத்தாகக் கழிகளில் தொங்கவிட்டால் வெயில் படாமல் காற்றிலேயே காய்ந்து பச்சை கிஸ்மிஸ் ஆகிவிடும். ரஷ்யர்களோடு சண்டை நடந்த காலத்தில் லால்கை குவெட்டாவில் அகதியாகச் செங்கல் சூளையில் மண் சுமந்தான். திரும்பி வந்தபோது குடியிருந்த வீடு இல்லை, கொடிகள் இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. கிஸ்மிஸ் வீடு மட்டும் டாங்கி குண்டு பட்ட தழும்போடு நின்றது. அதன் சுவரில் நெற்றியை வைத்து அழுதான். இதை அவனே சொல்வான், வெட்கமே படாமல்.

அந்தச் சுவரின் பலமே அதற்கு எமனாக வந்தது. அமெரிக்கர் வந்து ஐந்தாவது வருஷம். ஓடிப்போன தாலிபான்கள் ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளில் திரும்பிவந்தார்கள். காற்றுக்கு விட்ட பிளவில் துப்பாக்கியை நீட்டினால் உள்ளே இருப்பவனை எந்தக் குண்டும் தொடாது. வெளிநாட்டுச் சிப்பாய்கள் சுட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு விமானத்தைக் கூப்பிடுவார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கிஸ்மிஸ் வீடுகள் அப்படித்தான் புழுதியாகப் போயின.

திராட்சை பழுத்திருந்த நேரத்தில் செம்பட்டைத் தாடிக் கேப்டன் ஒருவன் லால்கை வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தான். கூட மொழிபெயர்க்கக் காபூல்காரப் பையன் நசீர்.

"லாலா, இவர் சொல்றதத்தான் நான் சொல்றேன், என் மேல பாயாத," என்றான் நசீர். "ஜும்மா முடிஞ்ச மறுநாள் உன் கிஸ்மிஸ் வீட்டை வெடி வெச்சு இடிக்கப் போறாங்க. வேற ஒண்ணு கட்டித் தருவாங்களாம், சிமெண்டுல."

"சிமெண்டுலயா! அதுல தொங்கவிட்டா திராட்சை வெந்து குழம்பாயிடும்னு சொல்லு."

"இந்த ஊரை அவனுங்ககிட்டேருந்து மூணு தடவை பிடிச்சோம், இனிமே விடமாட்டோம்ங்கறார்."

"காலைல பிடிக்கறீங்க, பொழுது சாய்ஞ்சா முகாமுக்குப் போயிடறீங்க. அதுக்கப்புறம் யாரு பிடிக்கறான்னு கேளு."

நசீர் அதை மொழிபெயர்க்கவில்லை. கேப்டன் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போனான்.

பொழுது சாய்ந்ததும் வந்தவன் எஸ்மத். லால்கையின் தங்கை பீபோவின் மகன். குவெட்டாவில் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒருநாள் சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் ஒருவன் இவன் தலைப்பாகையை அவிழ்த்துப் புழுதியில் எறிந்தான். அன்று தாலிபானோடு போனவன் துப்பாக்கியோடு திரும்பினான். இப்போது அவன் பின்னால் ஒரு கூட்டம்.

"மாமா, வீட்டை இடிக்க விட்டீங்கன்னா நீங்க அவங்க ஆளுன்னு அர்த்தம். எங்களுக்கு அது வேணும்."

"நீ உள்ளேருந்து சுடுவ, மேலேருந்து விமானம் வரும். அப்புறம் நான் எவன் ஆளா இருந்தா என்ன, மண்ணாங்கட்டி?"

"போர்னா அப்படித்தான் மாமா."

"உன் போரைக் கொண்டுபோய் உங்க அம்மா சமையல்கட்டுல நடத்து. அவ துடைப்பத்தால பதில் சொல்லுவா."

எஸ்மத் சிரிக்கவில்லை. பையன் மாறிவிட்டான் என்று லால்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைமை. அவன் மனைவி தோர்பேகை தந்தூரில் ரொட்டியை அறைந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் பெண்பிள்ளைக்கு நாக்கு கத்தி. அதைவிடக் கூர்மை மூளை.

"ஸ்பீனாவோட அப்பா, காலி வீட்டுலதான் பேய் குடியேறும். ரொப்பிடுங்க."

"நம்ம திராட்சை பாதி வீட்டுக்குக்கூடக் காணாது."

"நம்மளது மட்டும்னு யாரு சொன்னா? அஷர் போட்டு ஊரையே வேலைக்குக் கூப்பிடுங்க. ஊர்த் திராட்சை மொத்தமும் அங்க தொங்கட்டும்."

"அஷர்னா கிடா வெட்டணுமே?"

"அந்தப் பெருங்கொம்பன் எதுக்கு நிக்கறான்? உங்களுக்கு மாப்பிள்ளையா?"

பெருங்கொம்பன் அவனுடைய சண்டைக் கிடா. இரண்டு பெருநாள் சண்டையில் ஜெயித்தது. லால்கை அன்று சாப்பிடவே இல்லை. விடிந்ததும் அவனே அதைக் கயிற்றில் பிடித்து வந்தான்.

பள்ளிவாசலில் அஷர் என்று குரல் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் எதற்கு என்று எவனும் கேட்பதில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வருவான், வேலை செய்வான், கூப்பிட்டவன் போடும் சோற்றைத் தின்பான். கூலி கிடையாது. ஆனால் அந்தச் சோற்றைத் தின்ற வீட்டான் எவனும் அந்த வேலையைக் கெடுக்கக் கூடாது. கெடுத்தால் ஒரு வீட்டோடு போகும் பகையா அது? சட்டியில் கை வைத்த அத்தனை வீட்டோடும் பகை, பேரன் காலத்திலும் தீராது.

வந்தார்கள். ஊரிலிருந்து போலீஸில் சேர்ந்தவன் துர்ஜான், அவன் அண்ணன் தன் பக்கத்து ஆட்களோடு வந்தான். எஸ்மத்தோடு திரியும் பையன்களின் அப்பன்களும் வந்தார்கள். முதலில் இரண்டு கூட்டமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. கழி தூக்க ஆள் பற்றாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு எப்படித் தூக்குவது? பீபோ தன் பங்குக் கொத்துகளைச் சிவப்புக் கம்பளி நூலில் கட்டி அனுப்பியிருந்தாள். கூரையிலிருந்து தரை வரை தொங்கவிட்டார்கள். பூனை நுழைய இடமில்லை. பெருங்கொம்பனின் கறியை எல்லாரும் ஒரே சட்டியில் தின்றார்கள். லால்கை மட்டும் ரொட்டியை வெறுமனே மென்றான்.

ஜும்மாவுக்கு மறுநாள் கேப்டன் வெடியோடு வந்து கதவைத் திறந்தான். திராட்சை முகத்தில் இடித்தது. ஊர்த் திராட்சை மொத்தமும் இதில்தான் தொங்குகிறது என்றான் லால்கை.

"இதுல தாலிபான் வீட்டுத் திராட்சை எது? அதை மட்டும் எடுத்துடச் சொல்றார்," என்றான் நசீர்.

லால்கை வாய்விட்டுச் சிரித்தான். "அவரையே பிரிச்சு எடுக்கச் சொல்லு. தின்னு பாத்தா தெரியுமோ என்னவோ."

கேப்டன் ஒரு கொத்தை விலக்கி உள்ளே பார்த்துவிட்டு ஏதோ கேட்க, நசீர் சொன்னான்: "ரெண்டு பக்கத்தையும் எப்படி சம்மதிக்க வெச்சேன்னு கேக்கறார்."

"யாரும் யாருக்கும் சம்மதிக்கல. சோறு போட்டேன், வந்தாங்க."

இதை நசீர் மொழிபெயர்த்தான். கேப்டன் ஒரு விரலைத் தூக்கினான். ஒரே ஒரு குண்டு இந்தச் சுவரிலிருந்து வந்தால் விமானத்தைக் கூப்பிடுவேன் என்றான். வெடியைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள்.

திராட்சை பாதி காய்ந்திருந்தது. ஒரு காலை, ரோந்துச் சிப்பாய்கள் வாய்க்கால் கரையில் வரும்போது, எஸ்மத் இரண்டு பேரோடு தோட்டத்துச் சுவரைத் தாண்டி வந்தான். லால்கை கதவை மறித்து நின்றான். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"நகருங்க மாமா."

"நகர்றேன். உள்ள தொங்கறத உன் கையால இறக்கு."

மூன்று பேரில் ஒருவன் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன், ஊரை அறியாதவன். அவன் லால்கையைத் தள்ளிவிட்டுக் கத்தியை உருவி முதல் கழியில் ஒரு கொத்தை அறுத்தான். சிவப்பு நூலோடு அது தரையில் விழுந்தது.

"டேய், அது எங்க அம்மாவோடது!" என்றான் எஸ்மத்.

"ஜிஹாத் பெருசா, திராட்சை பெருசா?"

மூன்றாமவன் உள்ளூர்ப் பையன். முனகினான்: "அந்தப் பக்கம் தொங்கறது எங்க அப்பாவோடது. அவர் கிடாக்கறி தின்னுட்டார். நான் கை வெச்சா செத்தாக்கூட நம்ம ஊர் மண்ணுல என்னைப் புதைக்க விடமாட்டார்."

வாய்க்கால் பக்கம் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. வெளியூர்க்காரன் மறுபடி கத்தியை ஓங்கினான். எஸ்மத் அவன் மணிக்கட்டைப் பிடித்தான், வலிக்கும்படி பிடித்தான். நால்வரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பூட்ஸ் சத்தம் கடந்து, தேய்ந்து, போயேவிட்டது. வெளியூர்க்காரன் காறித் துப்பிவிட்டுச் சுவரேறிப் போனான். உள்ளூர்ப் பையனும் தலையைத் தொங்கப்போட்டுப் பின்னால் போனான்.

எஸ்மத் குனிந்து கீழே கிடந்த கொத்தை எடுத்தான். மண்ணை ஊதினான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிவப்பு நூலை முடிந்து, கொத்தைத் தன் கையாலேயே கழியில் கட்டினான்.

லால்கை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டிட்ட இல்ல? அப்ப நீயும் அஷர்ல சேந்தாச்சு. வா, உன் மாமி ரொட்டி சுட்டு வெச்சிருக்கா. தின்னாம போனா அஷர் கணக்குல சேராது."

எஸ்மத் துப்பாக்கியைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்த்தான். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து மாமாவோடு ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்தான்.