லாங் வீக்கெண்டும் புளிசாதமும்

போன லாங் வீக்கெண்டில் ஏரி பார்க்கப் போனோம். ஏரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தோம்.

டெக்சாஸில், எங்கள் ஆலன் ஊரில், லாங் வீக்கெண்ட் என்றால் என்ன? எட்டுக் குடும்பங்கள் ரைஸ் குக்கர், மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு சகிதம் வீட்டையே பெயர்த்துக்கொண்டு கிளம்புவது. இதற்குப் பெயர் ரிலாக்ஸ் பண்ணுவதாம்.

இந்த முறை புதிதாக ரேவதி - செந்தில் குடும்பமும் சேர்ந்தது. கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள். ஆறு வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டு, செந்திலுக்கு வேலை மாறியதால் மகளோடு எங்கள் தெருவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

ஜப்பானில் லீவு நாளெல்லாம் எப்படிப் போகும் என்று ரேவதியிடம் கேட்டேன்.

"ரயிலு சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துருமுங்க்கா. உள்ள யாரும் சத்தமாப் பேசமாட்டாங்க. போற இடத்துல குப்பைத்தொட்டிகூட இருக்காது, நம்ம குப்பைய நாமளே பையில கட்டி வீட்டுக்குக் கொண்டுட்டு வரோணும். அத்தன சுத்தமான ஊருங்க்கா..." என்றவள் நிறுத்தினாள். "ஆனா எங்க போனாலும் நாங்க மூணே பேருதான். எந்த போட்டோவப் பாத்தாலும் மூணே பேரு. இங்கயாச்சும் எங்களச் சேத்திக்குவாங்களாக்கா?"

சேர்த்துக்கொள்வதா? எங்கள் கோஷ்டியில் சேர்வது சுலபம், தப்பிப்பதுதான் கஷ்டம்! அன்றைக்கே அவர்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

ட்ரிப் ஆர்கனைசர் என் வீட்டுக்காரர். மெசேஜ் அனுப்பினார்: "சனிக்கிழமை காலை எட்டு மணி, பார்க் கேட். ஷார்ப்! அவரவர் காருக்கு ஆன்லைனில் பாஸ் புக் பண்ணிவிடவும்." அடுத்த நிமிஷமே கட்டைவிரல்கள் வந்து குவிந்தன.

நம்மாட்கள் கட்டைவிரல் போட்டால் என்ன அர்த்தம்? 'படித்துவிட்டேன், வேறு யாராவது செய்வார்கள்' என்று அர்த்தம். எட்டு மணி ஷார்ப் என்றால்? எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும் என்று அர்த்தம். பாவம், செந்திலுக்கு இதையெல்லாம் யாரும் விளக்கவில்லை. மனிதர் மெசேஜில் இருந்ததை அப்படியே செய்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில், அவர்கள் மூவரும் எட்டு மணியிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்கள். ரேவதி கையில் பெரிய ஹாட்பேக். எங்கள் கார்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இவர்கள் வரவே போவதில்லை என்று நினைத்துவிட்டாளாம்.

கேட்டில் நின்ற அமெரிக்க அம்மணி சிரித்த முகத்தோடு சொன்னார் - இன்றைக்குப் பாஸ் எல்லாம் தீர்ந்துவிட்டது. முன்பே புக் பண்ணிய கார்கள் மட்டும் உள்ளே போகலாம்.

"யாரும் புக் பண்ணலையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்கதானேப்பா ஆர்கனைசர்? மொத்தமா பண்ணிருப்பீங்கன்னு நெனச்சோம்!" என்றது கோஷ்டி.

சரி, ஆர்கனைசர் தன் காருக்காவது புக் பண்ணினாரா? ம்ஹும். தன் மெசேஜுக்குத் தானே கட்டைவிரல் போட்டுக்கொண்ட மகானுபாவர் அவர்! பின்சீட்டிலிருந்து என் மகன், "டாட், வேர் இஸ் த லேக்?" என்று கேட்டான். டாட் தன் மெசேஜைத் திறந்து மறுபடி படித்தார்.

மொத்தக் கூட்டத்திலும் பாஸ் இருந்தது ஒரே ஒரு காருக்கு. செந்தில் காருக்கு.

"நாம உள்ள போலாம் ரேவதி. முறையா புக் பண்ணிருக்கோமல்ல?" என்றார் செந்தில். நியாயம்தானே? மூன்று மணி நேரம் காத்து நின்றவர்.

ரேவதி உள்ளே தெரிந்த சாலையைப் பார்த்தாள். வெளியே ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்திக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தாள்.

"நீங்க வேணா போய்ப் பாத்துட்டு வாங்க. இன்னொரு தடவ மூணே பேரா போயி உக்கார என்னால முடியாதுங்க. நான் இவங்க கூடவே போறேன்."

செந்தில் காரைத் திருப்பினார்.

ஏரிக்கரை பிக்னிக், ஹைவே ஓரத்து ரெஸ்ட் ஏரியாவில் நடந்தது. ஒரு பக்கம் வரிசையாக டிரக்குகள், நடுவில் சிமெண்ட் பெஞ்ச், தலைக்கு மேல் டெக்சாஸ் வெயில். ரேவதி ஹாட்பேக்கைத் திறந்தாள். விடியற்காலையில் எழுந்து அத்தனை பேருக்கும் கிளறிய புளிசாதம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் வாய் வைத்தவர் பத்மா ஆன்ட்டி. எங்கள் கோஷ்டிக்கே சீனியர், மயிலாப்பூர்க்காரர். மனதில் பட்டதை வாயில் நிறுத்தி வைக்கும் வழக்கமில்லாதவர்.

"யாரு பண்ணினது இது? உப்பு கம்மி. வெல்லம் தூக்கல்."

எனக்கு உயிரே போய்விட்டது. ஆசையாக வந்த பெண்ணை முதல் நாளே இப்படியா? "ஆன்ட்டி, அவ புதுசு..." என்று இழுத்தேன்.

"புதுசுன்னா உப்பு போடக் கூடாதா? நல்லெண்ணெயும் பத்தல!"

அவ்வளவுதான். கடலை நமுத்துவிட்டது என்றாள் ஒருத்தி. பெருங்காயமே காணோம் என்றாள் இன்னொருத்தி. ஆண்களும் விடவில்லை, புளிக்காய்ச்சலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள்.

ரேவதி கண்ணில் மளமளவென்று நீர். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். பார்த்தால்... சிரிக்கிறாள்!

"ஜப்பான்லயும் இதே புளிசாதந்தானுங்க்கா. அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுப்பேன். ரெண்டு கையாலயும் வாங்கி, குனிஞ்சு, ரொம்ப அருமையா இருக்குன்னு சொல்லி, மெதுவாக் கதவச் சாத்திக்குவாங்க. தங்கமான மனுசங்கதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா ஆறு வருசத்துல ஒருத்தரு... ஒரே ஒருத்தரு, இப்படி உரிமையா உப்பு கம்மின்னு சொன்னதில்லீங்க்கா."

அந்தப் பக்கம் செந்தில் பெரிய பையை விரித்துக் குப்பையைச் சேகரித்துக்கொண்டிருந்தார், வீட்டுக்குக் கொண்டுபோக. தொட்டி இரண்டடி தள்ளி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நீட்டினால் தட்டை வாங்கிக்கொள்கிறாரே, எதற்குச் சொல்வானேன்?

பத்மா ஆன்ட்டி குறை சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை போட்டுக்கொண்டார். ஹாட்பேக் காலி. சாதம்தான் தீர்ந்தது, குறை தீரவில்லை. மிச்சக் குறைகளை வீட்டுக்கு வந்து குரூப்பில் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் ரேவதி ஒரு ஹார்ட் அனுப்பினாள்.