அவள் என்னை அப்பா என்று கூப்பிட்ட ஒரே நாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் எங்கள் வீடு. நான் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எண்ணெய்க் கறை போகக் கை கழுவி, வெள்ளைச் சேர்ட் போட்டு, எங்கள் ஆலயத்து ஞாயிறு பாடசாலையில் ஆசிரியராகிவிடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆதரவில்லாத ஒரு பிள்ளையைப் பராமரிக்க விண்ணப்பித்துவிட்டு, நானும் மனைவியும் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம்.

அந்த ஐப்பசியில் நன்னடத்தை அதிகாரி ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கூட்டிவந்தார். தாய் இறந்துவிட்டார். தகப்பன் குடித்துவிட்டு அடித்ததில் கை முறிந்து, மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த பிள்ளை. வழக்கு முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

மனைவியை இரண்டாம் நாளே அம்மா என்றாள். என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது தேவையென்றால் நான் நிமிர்ந்து பார்க்கும்வரை கொஞ்சம் தள்ளி வந்து நிற்பாள், அவ்வளவுதான். அப்பா என்று ஒரு தரம் சொல்லிவிடமாட்டாளா என்று எனக்கு ஒரே ஏக்கம். ஐஸ்கிரீம், கலர் பென்சில் என்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அது லஞ்சம்தான்.

தாய் இருந்த காலத்தில் ஆலயத்துக்குப் போய்வந்த பிள்ளை என்பதால் மாலை ஜெபத்துக்கு எங்களோடு தானாகவே முழங்காலிடுவாள். ஆனால் பரமண்டல ஜெபத்தில் கடவுளைப் பிதா என்று அழைக்கும் முதல் வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். மிச்சம் முழுவதும் சொல்வாள். எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது. இருபது வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஜெபத்தைப் படிப்பித்தவனின் வீட்டிலேயே அந்த ஒரு வரி வராதென்றால் சபையார் என்ன நினைப்பார்கள்? அந்த வீறாப்புத்தான் என்னைக் கெடுத்தது.

மார்கழியில் ஞாயிறு பாடசாலை ஆண்டு விழா. ஒரு பிள்ளை முன்னால் வந்து பரமண்டல ஜெபத்தின் முதல் வரியைத் தனியாகச் சொல்ல, சபை தொடர்வது எங்கள் வழக்கம். நான் அவளுடைய பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, அவளுக்கு ஏலாது. விடுங்கோ" என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை.

விழாவன்று சிறுமி முன்னால் போய் நின்றாள். எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். சத்தமே இல்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள், சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் போதகரே ஆரம்பித்துவைத்தார். எனக்கு மானம் போனது போல் இருந்தது. விழா முடிந்ததும் அவளை ஆலயத்தின் பக்கவாசலுக்குக் கூட்டிப்போய், "ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு என்ன?" என்று தோளைப் பிடித்தேன். பிடித்தது மட்டும்தான்.

அவள் சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள்.

"அடிக்காதேங்கோ அப்பா. இனிச் செய்யமாட்டன் அப்பா."

இரண்டு மாதமாக நான் ஏங்கிக் காத்திருந்த சொல் அதுதான். அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு நான் யாராகத் தெரிகிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மனைவி வந்துதான் தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டில், "நான் அடிக்கேல்லையே" என்று மனைவியிடம் முணுமுணுத்தேன்.

"ஓம், நீங்கள் அடிக்கேல்லை. ஆனா அடிக்கப்போறீங்கள் எண்டுதானே அது பயந்தது. அதுக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றாள் அவள்.

அதன்பிறகு நான் அந்தப் பிள்ளையை ஒன்றுக்கும் வற்புறுத்தவில்லை. ஆனால் திருத்திக்கொள்ளப் போதிய காலம் எனக்குக் கிடைக்கவில்லை. சித்திரையில், கிளிவெட்டியில் இருக்கும் அவளுடைய பெரியம்மாவிடம் ஒப்படைக்கும்படி கட்டளை வந்தது. பெரியம்மா நல்ல மனுசி, குறை சொல்ல ஒன்றுமில்லை. போகும்போது அவள் என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதாள். என் முன்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதிகாரியின் வாகனத்தில் ஏறிவிட்டாள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

இப்போது ஜெபத்தின் முதல் வரி வந்ததும் வாயை மூடிக்கொள்கிறவன் நான்தான். யோசித்துப் பார்த்தால், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, மனைவியை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோன அன்று என்று, ஏதோ அடி விழப்போகிறது என்று பயந்த நேரங்களில்தான் நானும் கடவுளை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒரே ஒரு தரம் அப்படிக் கூப்பிடக் கேட்ட எனக்கே இன்றுவரை ஆறவில்லை என்றால், ஐம்பது வருடமாக என் வாயிலிருந்து அதையே கேட்டுக்கொண்டும் என்னைவிட்டுப் போகாமல் இருக்கிறவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைக்கும்போது அழுகைதான் வருகிறது.