வால் பக்கம் யாரும் பார்க்காத விமானம்

நேற்று சாயங்காலம் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து சீனாவின் சண்டை விமானங்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எந்தப் படைப்பிரிவு எந்த மலைக்குப் பின்னால் நிற்கிறது, அதற்கு எந்த எஞ்சின், சொந்தச் சரக்கா ரஷ்யச் சரக்கா என்று ஒரே அமளி. நடுவில் ஒரு பழைய விமானத்தைத் திரையில் அப்படியே திருப்பி வால் பக்கத்தைக் காட்டினார்கள். இரண்டு ஓட்டை, பளிச்சென்று. வந்த ஆத்திரத்தில் டிவியை அணைத்துவிட்டேன். பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் சம்சாரம் சரசு, "ஏனுங்க, டிவி உங்களை என்ன பண்ணுச்சு?" என்றாள்.

டிவி என்ன பண்ணும், பாவம். அந்த வாலை ஐம்பது வருஷம் முன்னால் யாராவது காட்டியிருந்தால் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

சீனச் சண்டை முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். குன்னூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குப் பாடம் நடத்தும் ஒரு சின்ன ஆபீஸில் நான் படம் வரைபவன். பெயர் வேண்டாம், ஆபீஸே இப்போது இல்லை. என் வேலை, பெரிய கித்தான் துணியில் எதிரி விமானங்களை எண்ணெய் வர்ணத்தில் வரைவது. வயிற்றைக் கிழித்துக் காட்டுகிற மாதிரி உள்ளே எஞ்சினையும் வரைய வேண்டும். கோயமுத்தூரில் சோப்பு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு ஜெட் எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அங்கே இருந்த மற்றவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்கும் தெரியும்.

வேலை தற்காலிகம். நிரந்தரம் ஆனால் குவார்ட்டர்ஸ். அதுவரை சரசுவின் அண்ணன் வீட்டில்தான் குடித்தனம். மச்சான் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர், தங்கமான மனுஷன். அவர் சம்சாரமும் குறை சொல்ல முடியாதவர். ஆனாலும் அடுத்தவர் அடுப்பில் எத்தனை நாள் சமைப்பது? காலியாகக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸை வாட்ச்மேனிடம் கேட்டுச் சரசு ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னலைச் சாணால் அளந்திருக்கிறாள். அந்த வாரமே குன்னூர் மார்க்கெட்டில் பச்சைத் துணி வாங்கித் திரை தைத்து மடித்து வைத்துவிட்டாள். "சும்மா தச்சு வச்சேனுங்க. துணி என்ன சோறா தண்ணியா கேக்குது?" என்றாள்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். இமயமலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒரு படைப்பிரிவின் விமானத்தை வரையச் சொன்னார்கள். கையில் ஒரே ஒரு போட்டோ, அதுவும் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் வெட்டியது. அதற்கும் ரகசியம் என்று முத்திரை! முன்னால் நின்று எடுத்த படம். மூக்கு தெரிகிறது, இறக்கை தெரிகிறது. வால் தெரியவில்லை. வால் தெரிந்தால்தான் எஞ்சின் ஒன்றா இரண்டா என்று தெரியும். முதலில் இருந்த வடக்கத்தி அதிகாரி, ஒன்று என்றார். வரைந்தேன். வர்ணம் காய்வதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்து வந்த விங் கமாண்டர் சேலத்துக்காரர். படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவங்க ஏரோடிரோம் இருக்கிற ஒசரத்துல காத்து கம்மிப்பா. எஞ்சினுக்குக் காத்துதான் சாப்பாடு. ஒத்தை எஞ்சினை வச்சுக்கிட்டு, குண்டைத் தூக்கிட்டு எந்திரிக்கவே முக்கும். இது ரெட்டை எஞ்சின். மாத்திப் போடு."

வீட்டில் சொன்னபோது சரசு, "ஊட்டியில பருப்பு சீக்கிரம் வேகாத மாதிரிங்களா?" என்று கேட்டாள். ஆபீஸில் அரை நாள் பாடம் நடத்தியும் எனக்கு ஏறாதது அப்போதுதான் ஏறியது.

சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு எஞ்சினாக வரைந்தேன். அப்போது பார்த்துப் பிடித்தது மழை. ஐப்பசி மாதத்துக் குன்னூர் உங்களுக்குத் தெரியாததா? உப்பு நீராகிவிடும், தீக்குச்சி பற்றாது. எண்ணெய் வர்ணம் மட்டும் காய்ந்துவிடுமா? தொட்டால் விரலோடு வந்தது. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். இந்தப் படத்தைக் காட்டித்தான் என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்யப்போவதாக விங் கமாண்டர் சொல்லியிருந்தார். "எங்கேயாவது கொண்டுபோய்க் காய வைப்பா" என்று அவரே படத்தைச் சட்டத்திலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

குன்னூரில் மழைக்காலத்தில் சூடான காற்று கிடைக்கிற இடம் டீ ஃபேக்டரி ஒன்றுதான். பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடிக்கு அடுப்பின் சூடு ஏறும். மச்சான் யோசித்தார். "மாப்ளே, இலை எந்த வாசத்தையும் இழுத்துக்குமுங்க. பெயிண்ட் வாசம் ஏறுச்சுன்னா மேனேஜர் என்னைத் தொலைச்சுப்போடுவாரு. ஞாயித்துக்கிழமை இலை இருக்காது. அடுப்புச் சூடு ஆறுறதுக்குள்ள காய வச்சுக்குங்க" என்றார். அப்படியே காய வைத்தோம். இலை வாட்டும் பரணில் சீனாக்காரன் விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. திங்கட்கிழமை ஆபீஸில் விரித்ததும் விங் கமாண்டர் மூக்கை உறிஞ்சினார். "என்னய்யா, டீ வாசம் வருது?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

பார்வைக்கு முதல் நாள் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அந்தப் பிரிவில் இருப்பது ஒற்றை எஞ்சினா இரட்டையா என்பதில் சந்தேகம் இருக்கிறதாம். தெளிவாகும்வரை படத்தை மாட்டக்கூடாதாம். இரண்டு மாத உழைப்பைச் சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பெரிய அதிகாரி வந்தார், வெறும் சுவரைப் பார்த்தார். "இந்த ஆள் என்ன வரைந்திருக்கிறார்?" என்று கேட்டார். "சரிபார்ப்பில் இருக்கிறது" என்றார் விங் கமாண்டர். அவரால் வேறென்ன சொல்ல முடியும்? படம் பீரோவில்தான் இருக்கிறது என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பூட்டிய பீரோவுக்குப் பக்கத்தில் நின்று வணக்கம் வைத்தேன். அந்த வருஷத்தோடு அந்த வேலையே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் மச்சான் தயவில் டீப் பெட்டிகளில் எஸ்டேட் பெயர் எழுதினேன். அவர் ரிட்டயர் ஆகும்வரை அவர் வீட்டிலேயே இருந்தோம். அதற்குப் பிறகு வாடகை வீடுகள். சந்தேகம் எப்போது தெளிந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று வாலைக் காட்டிய கையோடு டிவிக்காரன் சொன்னான்: இரட்டை எஞ்சின்தானாம். அந்த ரகத்தையெல்லாம் எப்போதோ ஓரங்கட்டி, காட்சிக்கு வைத்துவிட்டார்களாம்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பஸ் அந்த வழியாகத்தான் போனது. இலை வாட்டிய மாடியில் இப்போது சுற்றுலாக்காரர்களுக்குச் சாக்லேட் விற்கிறார்கள். குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணியிருக்கிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சரசு திருப்பவில்லை. பஸ் ஜன்னல் கம்பிமேல் விரலை விரித்து ஒரு சாண், இரண்டு சாண் என்று வைத்துப் பார்த்தாள்.

"அந்த ஜன்னலு நாலு சாணுங்க. நம்ம துணி கச்சிதமா இருந்திருக்கும்."