அத்தானுக்குப் பின்னால் நின்ற வரிசை

என் ஒரே தம்பிக்குக் கொப்பன்ஹேகனில் கலியாணம். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் நான்தான் தோழி. தாலி கட்டும்போது பின்னால் விளக்குப் பிடித்து நிற்க வேண்டியவள். இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் முதல்நாள் எனக்கு லீவு தரவில்லை. அதனால் கலியாணத்தன்று காலையில்தான் டென்மார்க்கின் மற்றக் கரையில் இருக்கும் எங்கள் ஊரான கோல்டிங்கில் இருந்து வெளிக்கிட்டோம், மூன்று கார்களில். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் மூத்தவரின் கார் முன்னால், மற்றவை வால் பிடித்துப் பின்னால். மூத்தவர் என் கணவரின் அண்ணன், எனக்கு அத்தான். அவர் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து முடிக்கவே பிந்திவிட்டது.

பெரிய பாலத்தைத் தாண்டியதும் கட்டணச் சாவடி. கண்ணாடியில் சின்னப் பெட்டி ஒட்டிய கார்களுக்குத் தனிப் பாதை, காத்து நிற்கத் தேவையில்லை. எங்கள் காரில் அந்தப் பெட்டி இருக்கிறது. அத்தானிடம் இல்லை. வங்கிக் கணக்கில் தானாகக் கைவைக்கிற சாமானை அவர் நம்பமாட்டாராம். "கொஞ்ச நேரம் நிண்டா என்ன, குடி முழுகிப் போகுமே?" என்பார்.

வங்கி அட்டையை மெசினில் போட்டுக் கடக்கும் வரிசை நீண்டு கிடந்தது. எங்கள் பாதையில் ஈ காக்கை இல்லை. என் கணவர் அண்ணனின் காரைப் பார்த்தபடியே அந்த நீண்ட வரிசைக்குள் திருப்பினார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்? எங்கட பாதை அங்கால!"

"அண்ணையை விட்டிட்டுப் போறது சரியில்லை."

பெரியப்பா எங்களுக்காக எப்போதாவது இப்படி நின்றிருக்கிறாரா என்று பின்சீட்டில் இருந்து மகள் டெனிஷில் கேட்டாள். என் கணவர் காரை இன்னும் ஒரு அடி முன்னால் உருட்டினார். முன்னால் அத்தான் சாவகாசமாக அட்டையைத் தேடினார், பிறகு மெசினோடு மல்லுக்கட்டினார். அவருடைய நேரம் மலிவென்றால் அவர் நிற்கட்டும். என்னுடைய நேரத்துக்கு விலை வைக்க அவர் யார்?

மண்டபத்துக்குள் ஓடினேன். தாலி கட்டி முடிந்து, சனம் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட வரிசையில் நின்றது. விளக்கு பெண் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் கையில் இருந்தது. தம்பியின் கண் சிவந்திருந்தது.

"ஐயரை எவ்வளவோ மறிச்சுப் பாத்தன், அக்கா. முகூர்த்தம் முடியுது எண்டிட்டார்."

என் கணவர் அவசரமாகச் சொன்னார், "றோட்டில சரியான சனம், மச்சான்." பக்கத்தில் அத்தானும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

"எங்கட பாதையில ஒருத்தருமில்லை," என்றேன், மேளகாரருக்கும் கேட்கும்படி. "உங்கட அண்ணையை விட்டிட்டு வர உங்களுக்குத் துணிவில்லை."