மார்ச் பதினான்கில் வாழ்த்து இல்லை

மாத்தளை - எல்கடுவ பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டராக இருக்கும் யோகேந்திரன் யாரையும் நம்பியதில்லை. பன்னிரண்டு வயது முடிந்தால் முழு டிக்கெட். ஆனால் அந்த மலைப்பாதையில் எந்தத் தாயின் பிள்ளைக்கும் பன்னிரண்டு முடிவதே இல்லை.

"எந்திரிச்சு நில்லு பாப்பம். மீசை மொளைச்சிருச்சு, அரை டிக்கெட்டாம்! இவன் கல்யாணத்துக்கும் அரை டிக்கெட்லதான் போவீங்களா?"

பஸ்ஸே சிரிக்கும்.

அந்தச் சந்தேகக்காரனிடம்தான் தேயிலைத் தோட்டத்துப் பெண் பிள்ளைகளின் கரப்பந்து அணி தன் பேஸ்புக் பக்கத்தை ஒப்படைத்திருந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் அணி. மாத்தளை ஸ்டாண்டில் பஸ் புறப்படும்வரை, பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் கட்டம் போட்டு எழுதுவான்: செவ்வாய் பயிற்சி வீடியோ, வெள்ளி ஒரு பிள்ளையைப் பற்றிய அறிமுகம், ஞாயிறு போட்டிப் படங்கள். பிள்ளை இல்லாத அவனுக்கு அந்தக் கட்டங்களுக்குள் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

மாவட்டப் போட்டி நெருங்கிய மார்ச்சில், பிறந்தநாள் வாழ்த்தும் போடலாம் என்று தோன்றியது. பயிற்சியாளர் ஷிஹாம் அனுப்பிய பதிவுப் படிவங்களில் தேதிகளைப் பார்த்தான். தினுஷா, மார்ச் பதினான்கு. பந்தை வலைக்கு மேலே எழும்பி அடிக்கும், அணியிலேயே உயரமான பிள்ளை.

மைதானத்தில் அவளிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

"அன்னைக்கு ஒன்னும் போடாதீங்க மாமா."

பக்கத்தில் நின்ற அணித்தோழி சர்மிளா பட்டென்று சொன்னாள்: "இவளுக்கு ஆடி மாசம்தானே மாமா! போன வருசம் லயத்து வீட்டுல கேக் வெட்டுனோமே!"

தினுஷா அவள் கையைக் கிள்ளியதை யோகேந்திரன் பார்த்துவிட்டான். கிள்ளப்பட்டது என்னவோ அவன் நெஞ்சுதான்.

இரண்டு பிறந்தநாள் எப்படி வரும்? வயதைக் குறைத்துப் பிறப்புப் பத்திரம் செய்திருக்கிறார்களா? அன்று மாலையே, முகம் தெரியாத யாரோ அவளுடைய படத்தின் கீழே எழுதியிருந்தார்: "இது பதினாறுக்குக் கீழேயா? பொம்பளை மாதிரி இருக்கு!" வயது பொய் என்று நிரூபணமானால் அணிக்கே இரண்டு வருஷத் தடை. அந்தப் பன்னிரண்டு பேரின் கனவுக்கும் அவன் போட்ட படங்களே தூக்குக் கயிறாகிவிடுமா?

ஷிஹாமுக்கு அழைத்தான். "பத்திரம் சரியாத்தான் இருக்கு யோகாண்ணே. உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று அவன் சிரித்தான். யோகேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு தோட்டத்தின் மேல் டிவிசனில் தினுஷா குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறினான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அவள் தாய் சுந்தரம்மா, அவனைக் கண்டதும் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டாள்.

"உண்மைய சொல்லு தங்கச்சி. புள்ளைக்கு வயசு கூடவா?"

"கூட இல்லண்ணே. கொறச்சல்."

அவள் சுவரைப் பார்த்தே பேசினாள். "அந்தப் பத்திரம் மூத்தவளோடது. அவ பேரும் தினுஷாதான். அஞ்சு மாசத்துல காய்ச்சல்ல போயிட்டா. அடுத்த ஆடியில இவ பொறந்தா, இந்த வீட்டுக் காம்பராவுலயே. மண்ணு சரிஞ்சு ரோடு மூடிக் கெடந்துச்சு, பதியப் போக வழியில்ல. செத்தவளே வந்துட்டான்னு அவுங்க அப்பா அதே பேர வச்சாரு. பத்திரமும் அதேன்னு ஆயிருச்சு. மார்ச் பதினாலு என் மூத்தவளோட நாளுண்ணே. அன்னைக்கு நீங்க வாழ்த்துன்னு போட்டா, ஊரே சிரிச்சு லைக் பண்ணுமே. நான் எப்படிப் பார்ப்பேன்?"

அவனுக்குக் கண் கலங்கியது. ஆனால் கண்டக்டர் புத்தி விடவில்லை. கண்ணீரோடு சொன்ன எத்தனை பொய்களை அவன் படிக்கட்டில் கேட்டிருக்கிறான்! "இதுக்கு என்ன சாட்சி?"

சுந்தரம்மா முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்கதாண்ணே சாட்சி. மூணு வருசத்துக்கு முந்தி, பள்ளிக்கூட சப்பாத்து வாங்க இவளக் கூட்டிட்டு உங்க பஸ்ல ஏறுனேன். அரையா முழுசான்னு கேட்டீங்க. முழுசுன்னேன். இவளுக்கு அப்போ பத்து முடிஞ்சு பதினொன்னு ஆகல. பத்திரத்துல பன்னெண்டு முடிஞ்சிருச்சே. எங்கயாச்சும் மாத்திச் சொல்லி மாட்டிக்குவோமோன்னு பயம்."

யோகேந்திரன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். நினைவிருந்தது! இருபத்திரண்டு வருஷத்தில் வாதாடாமலே முழு டிக்கெட் எடுத்த ஒரே தாய். இடுப்பளவு உயரப் பிள்ளைக்கு எதற்கு முழு டிக்கெட் என்று அன்றும் அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தான். அந்தப் பிள்ளை பிறகு மளமளவென்று வளர்ந்துவிட்டது.

"பத்திரத்த எப்படித் திருத்துறதுன்னு போட்டி முடிஞ்சதும் ஷிஹாமோட போய்க் கேப்போம்" என்றான். "எந்த வயசப் பார்த்தாலும் புள்ள பதினாறுக்குக் கீழதான். விளையாடட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது கலண்டர் தாளை எடுத்து, பிறந்தநாள் என்று எழுதிய கட்டங்களையெல்லாம் அடித்தான். ஒருத்திக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம்.

மார்ச் பதினான்கு காலை, சுந்தரம்மா செவ்வந்திப் பூவும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஏந்தி பஸ்ஸில் ஏறி, மயானத்து வளைவில் இறங்கினாள். அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். பேஸ்புக் பக்கத்தில் அன்று ஒன்றும் போடவில்லை.

ஒன்றைத் தவிர. அந்த முகமில்லாத ஆளுக்கு மதியம் ஸ்டாண்டில் வைத்து ஒரு பதில் எழுதினான்: "இருபத்திரண்டு வருஷம் அரை டிக்கெட் பிடித்தவன் சொல்கிறேன். பிள்ளையின் வயது சரி."

எழுதிவிட்டு, அந்த ஆள் யாராக இருக்கும் என்று அறிய, அந்த ஆளின் நண்பர் பட்டியலை ஒவ்வொருவராகத் துருவத் தொடங்கினான்.